இறங்கிவந்த வேலை

பக்கவாதம் வந்த அப்பாவைக் கேளம்பாக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். நாலாம் நாள் இரவு படுக்கை விரிப்பு நனைந்துவிட்டது. பெல்லை அழுத்திவிட்டு நான் வராந்தாவில் போய் நின்றுகொண்டேன். அப்பாவின் மானத்துக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என்னால் முடியவில்லை.

உள்ளே போன சிஸ்டர் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஈர விரிப்பை முதுகோரம் சுருட்டி, புதியதை அதன் பக்கத்தில் விரித்து, மறுபக்கம் திருப்பிப் பழையதை உருவி எடுத்தார். "தாத்தா, இந்தப் பக்கம் கொஞ்சம். அவ்ளோதான், முடிஞ்சிடுச்சு." நாலைந்து நிமிடம் இருக்கும்.

பிறகு பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, அவர் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ். சிறுசேரி சிப்காட்டில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு நர்சிங் படித்தவர்.

"ஏம்மா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் இதத்தான் சார் கேக்கறாங்க. எங்க அத்தை இன்னும் எங்கிட்ட பேசறதில்ல."

வெளிநாடு போகவா என்றேன். "அதுவும் இருக்கு, பொய் சொல்லமாட்டேன்" என்றார். ஆனால் அதற்காக மட்டும் ஒருவர் இதற்கு வரமுடியாது. நம் ஊரில் வழி அப்படி. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படிக்காதவருக்கு பி.எஸ்சி. நர்சிங் கிடையாது. மிச்சமிருப்பது மூன்று வருட டிப்ளமோ. பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு முதல் வருடத்திலிருந்து உட்காரவேண்டும். அமெரிக்காவில் வேறு பட்டம் வாங்கியவர்களுக்கு ஒன்று, ஒன்றரை வருடத்தில் முடிகிற தனிப்படிப்பு இருக்கிறது. இங்கே வாங்கிய பட்டத்துக்கு ஒருநாள்கூடக் கழிவு கிடையாது. சம்பளமோ கேட்கவே வேண்டாம். 2015-இல் அரசு மருத்துவமனைகளில் ஒப்பந்தத்தில் சேர்ந்த செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய்தான் கொடுத்தார்கள். தனியார் நர்ஸ்களின் சம்பளத்தைப் பார்க்கச் சொல்லி 2016-இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது.

அப்புறம் அவரே சொன்னார். "அங்க நான் ஒரு வாரம் லீவு போட்டாலும் ஒண்ணும் ஆகாது சார். இங்க பத்து நிமிஷம் லேட்டானா ஒருத்தர் ஈரத்துல கிடப்பார்."

இது என்னைத் தூங்கவிடவில்லை. தான் தேவைப்படவேண்டும் என்கிற ஆசை நல்ல ஆசைதானா? அடுத்தவர் எழுந்திருக்க முடியாமல் கிடப்பதில் நம் வாழ்க்கைக்கு அர்த்தம் தேடிக்கொள்வது இல்லையா அது? ஆனால் விரிப்பு மாற்றப்பட்டவர் என் அப்பா. எந்த நோக்கத்தோடு மாற்றினாலும் அவர் முதுகு காய்ந்துதான் இருக்கும். நோக்கத்தை ஆராயும் வசதி வராந்தாவில் நின்றவனுக்குத்தான் இருந்தது.

மாரிஸ் ட்ரூரி என்பவர் கேம்பிரிட்ஜில் விட்கன்ஸ்டைனிடம் தத்துவம் படித்தவர். மனம் கலங்கிப்போன நண்பர் ஒருவரைப் பார்த்துக்கொண்ட அனுபவத்தில், மனநல மருத்துவமனையில் நர்ஸாகலாம் என்று 1933 வாக்கில் கிளம்பினார். இவ்வளவு படித்தவர் டாக்டரானால் இன்னும் பயன் என்று சொல்லிவிட்டார்கள். விட்கன்ஸ்டைனும் அதையே பிடித்துக்கொண்டு, கெய்ன்ஸ் உள்ளிட்ட நண்பர்களிடம் பண ஏற்பாடு செய்து அவரை டாக்டருக்குப் படிக்கவைத்தார். ட்ரூரி டப்ளினில் மனநல மருத்துவரானார். இதே விட்கன்ஸ்டைன் 1941-இல், போர்க்காலத்தில், லண்டன் கைஸ் மருத்துவமனையில் வார்டு வார்டாக மருந்து தூக்கிக்கொண்டு போகும் வேலைக்குச் சேர்ந்தார். தனக்கொரு நியாயம், மாணவனுக்கொரு நியாயம்! படித்தவன் உடம்பைத் தொடுவதானால் டாக்டராகத் தொடவேண்டும் என்று அவரே நினைத்திருக்கிறார் என்றால் அந்த அத்தையை என்ன சொல்ல?

நம்மிடம் இதற்கு இன்னொரு முடிச்சும் உண்டு. மலமும் சலமும் யார் தொடவேண்டும் என்று பிறப்பை வைத்து எழுதிவைத்த ஊர் இது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-இல் நர்சிங் பள்ளி தொடங்கினார். 1946-இல் அங்கேயே அது பட்டப்படிப்பாகவும் ஆனது. அதற்குப் பிறகும் "நர்ஸ் வேலையா?" என்று இழுக்கும் குரல் போகவில்லை. டாக்டரும் அதே உடம்பைத்தான் தொடுகிறார். அவரிடம் யாரும் இழுப்பதில்லை.

பகல் ஷிஃப்டில் இன்னொரு சிஸ்டர் வருவார். செய்யூர் பக்கம். பன்னிரண்டாவது முடித்ததும் நேரே நர்சிங். கை இவரைவிட வேகம், பேச்சு குறைவு. ஏன் இந்த வேலைக்கு வந்தீர்கள் என்று அவரிடம் நான் கேட்கவே இல்லை. ஏழாவது நாள்தான் அது உறைத்தது. இறங்கிவந்தவரிடம் மட்டும்தான் காரணம் கேட்டிருக்கிறேன். மற்றவருக்கு அதுதான் இடம் என்று நானும் முடிவு பண்ணியிருக்கிறேன். மறுநாள் வலியப் போய்க் கேட்டேன். "புடிச்சுது, வந்தேன்" என்று சொல்லிவிட்டு டிரிப்ஸ் பாட்டிலை மாற்றப் போய்விட்டார்.

டிஸ்சார்ஜுக்கு முதல்நாள் இரவு பி.இ. சிஸ்டர் கூப்பிட்டார். "வீட்ல யார் சார் பண்ணுவாங்க? நீங்களே ஒருதடவ மாத்துங்க, நான் பாக்கறேன்."

கையுறையை இடமும் வலமும் மாற்றிப் போட்டேன். விரிப்பைச் சுருட்டி முதுகோரம் தள்ளி, அப்பாவை என் பக்கம் திருப்பினேன். அவசரத்தில் கொஞ்சம் வேகமாகத் திருப்பிவிட்டேன் போல. கண்ணை இறுக மூடிக்கொண்டு, விளங்குகிற வலது கையால் என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா சார்" என்றார் சிஸ்டர்.