உண்மையை உரைப்பதா, மறைப்பதா?

ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் எமது ஊர்களில் முதலில் நடைபெறுவது, அதனை அவரிடமிருந்து மறைப்பதற்கான ஏற்பாடே ஆகும். “அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ டொக்டர், கேட்டால் தாங்கமாட்டா” என்று பிள்ளைகள் வைத்தியரின் அறை வாசலிலேயே வேண்டிக்கொள்வர். அம்மாவுக்கு அல்சர் என்றோ சிறு கட்டி என்றோ சொல்லப்படும். அன்பினால் செய்யப்படுவது இது என்பதில் ஐயமில்லை. ஆனால் தன் உடலில் நடப்பதை அறியும் உரிமை முதலில் யாருக்குரியது என்ற வினா, அந்த அன்பினால் மறைந்துபோவதில்லை.

மேல்நாட்டார் நேரே சொல்பவர், கீழ்நாட்டார் மறைப்பவர் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. வரலாறு அப்படியன்று. ஹிப்போகிராட்டிஸின் பெயரால் வழங்கும் கிரேக்க மருத்துவ நூல்களுள் ஒன்று, நோயாளியிடம் பெரும்பாலானவற்றை மறைக்குமாறே வைத்தியருக்கு அறிவுரை கூறுகிறது. அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 1961 இல் வெளிவந்த ஆய்வொன்றில், வினவப்பட்ட வைத்தியர்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் புற்றுநோயாளியிடம் உண்மையைச் சொல்வதில்லை என்றனர். அந்நாட்டிலேயே 1979 இல் வெளியான மற்றோர் ஆய்வில் 97 சதவீதமானோர் சொல்வதையே விரும்பினர். பதினெட்டு ஆண்டுகளில் ஒரு நாட்டின் வைத்திய வழக்கமே தலைகீழாயிற்று. சிகிச்சைகள் பெருகியதும், நோயாளியின் சம்மதமின்றி எதுவும் செய்தலாகாது என்ற எண்ணம் வலுப்பெற்றதும் இதற்குக் காரணங்களாம். யப்பானிலோ 1989 ஜனவரியில் காலமான பேரரசர் ஹிரோஹிட்டோவுக்குப் புற்றுநோய் இருந்தது என்பது அவர் இறந்த பின்னரே மக்களுக்கு அறிவிக்கப்பட்டது.

1995 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் முதியோரிடையே நடத்தப்பட்ட ஆய்வும் கவனிக்கத்தக்கது. பரவிவிட்ட புற்றுநோயை நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்றவர்கள் ஐரோப்பிய வழிவந்தோரில் 87 சதவீதம். கொரிய வழிவந்தோரில் 47 சதவீதம். இதைப் படிப்பவர்கள் “கொரியர் மறைப்பவர்” என்று முடித்துவிடுவதுண்டு. ஆனால் கொரியரிலும் ஏறத்தாழப் பாதிப்பேர் சொல்ல வேண்டும் என்றல்லவா கூறியிருக்கின்றனர்? ஒருவரின் இனத்தையும் மதத்தையும் கேட்டறிந்த வைத்தியர், அவரது விருப்பத்தையும் அறிந்துவிட்டதாக எண்ணினால் பாதி நேரம் தவறிவிடுவார்.

அதே ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வு, அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்களைப் பற்றியது. தீயதைச் சொன்னால் அச்சொல்லே தீமையைக் கொண்டுவரும் என்பது அவர்களின் நம்பிக்கை. சத்திரசிகிச்சைக்கு முன் “நீங்கள் விழிக்காமலும் போகலாம்” என்று சட்டப்படி எச்சரிக்கும் வைத்தியர், அவர்களின் நோக்கில் சாபமிடுபவர். அவச்சொல் பலிக்கும் என்று அஞ்சி, வாயில் வந்ததை விழுங்கிக்கொள்ளும் எமது முதியோருக்கு இது புதிதன்று.

எமது மரபில் இதற்கு என்ன வழி உண்டு? கேளாதபோது மரணக்குறியை வைத்தியன் வெளியிடலாகாது என்றும், கேட்டாலும் கேட்பவருக்கோ பிறருக்கோ ஊறு நேருமாயின் தவிர்க்க வேண்டும் என்றும் சரக சங்கிதை கூறுகிறது. வள்ளுவரோ மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணும்போது, அருகிருந்து பணிசெய்பவரையும் ஒரு கூறாகச் சேர்க்கிறார். ஆகவே உறவினர் இடையில் வருவது இடையூறன்று. ஆனால் அந்த நான்கினுள் நோயாளியும் ஒருவர் என்பதை உறவினர் மறத்தலாகாது.

மார்க்கண்டேயர் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. மகனின் ஆயுள் பதினாறு என்பதைப் பெற்றோர் அறிவர். காலம் நெருங்கவும் அவர்கள் துயருற்றனர், மகன் காரணம் வினவினான், சொன்னார்கள். அவன் சிவபூசையில் அமர்ந்தான். திருக்கடையூரில் எம்பெருமான் காலனை உதைத்த திருவிளையாடலைக் கேட்பவர்கள், அதற்கு முன் அப்பெற்றோர் வாய்திறக்கப் பட்ட பாட்டை அவ்வளவாக எண்ணுவதில்லை. அவர்கள் மறைத்திருந்தால் அவனுக்குப் பூசைக்கு நேரம் கிடைத்திருக்குமா?

காணி உறுதி எழுதுதல், கோபித்திருந்த சகோதரனை அழைத்துப் பேசுதல், சந்நிதியானுக்கு வைத்த நேர்த்தியை முடித்தல் என்று ஒருவருக்குச் செய்ய வேண்டியவை எவ்வளவோ உண்டு. மறைக்கப்பட்டவர் இவற்றை நாளைக்கு என்று தள்ளிவைப்பார். மேலும், முற்றாக மறைத்தல் அரிது. மகரகமவுக்குத் துண்டு எழுதிக் கொடுத்த பின்னர் அல்சர் என்று சொன்னால் யார் நம்புவார்? நோயாளி தெரியாதவர்போல் இருப்பார், பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருப்பர். ஒரே வீட்டில் எல்லோரும் தனித்தனியே அழுவர். அதேவேளை, செய்தி கேட்ட நாள் முதல் உணவை ஒதுக்கிச் சுருண்டுவிட்டவர்களும் உண்டு. பிள்ளைகளின் அச்சம் வெறும் கற்பனையன்று.

இக்காலத்தில் பல நாடுகளில் வைத்தியர்களுக்குப் பயிற்றப்படும் முறையொன்று இதற்கு ஓரளவு வழிகாட்டுகிறது. முடிவைச் சொல்வதற்கு முன்னரே, “உங்கள் நோயைப் பற்றி எவ்வளவு அறிய விரும்புகிறீர்கள்? யாரிடம் பேச வேண்டும்?” என்று நோயாளியிடமே கேட்பது அது. புலம்பெயர்ந்த நாடுகளில் மகனையோ மகளையோ மொழிபெயர்க்க விடாது, பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைப் பல வைத்தியசாலைகள் அழைப்பதும் இதற்காகவே. பிள்ளையின் வாயில் “புற்றுநோய்” என்ற சொல் “சின்ன வருத்தம்” ஆகிவிடும். “எல்லாத்தையும் மகனிட்டைச் சொல்லுங்கோ, எனக்கு வேண்டாம்” என்று ஒரு தாய் விடையளித்தால், மகனிடமே சொல்லலாம். அது அவரது முடிவு. ஒரு மாதம் கழித்து அதே தாய், “தம்பி, எனக்கு உண்மையில் என்ன?” என்று கேட்டால், முன்னர் சொன்னதைக் காட்டி வைத்தியர் நழுவலாகாது. அந்த வினாவுக்கும் விடை தர வேண்டும், கதிரையை இழுத்துப்போட்டு அருகிருந்து, அவசரமின்றி.