அழுகையும் ஒரு வாக்குமூலம்தான்

ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளியும் குழந்தைக்கு மதிப்பெண் போடுகிறார்கள். கைகால் அசைவு, மூச்சு, இரத்த அழுத்தம், விழிப்பு, தோலின் நிறம் ஆகிய ஐந்துக்கும் அதிகபட்சம் தலா 2. ஆல்ட்ரெட்டே என்ற மயக்கவியல் மருத்துவர் 1970இல் வகுத்த முறை இது. நிறத்துக்குப் பதிலாக இரத்தத்தில் உள்ள ஆக்சிஜனைப் பார்ப்பது பின்னால் வந்த மாற்றம். 10க்கு 9 எடுத்தால் வார்டுக்கு அனுப்பலாம். உயிரைக் காக்கும் கணக்கு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், "பிள்ளை தேறிட்டானா?" என்று வாசலில் நிற்கும் தாய் கேட்பது இந்த ஐந்தை மட்டுமல்ல. அவன் உள்ளுக்குள் எப்படி இருக்கிறான் என்பதையும் சேர்த்துத்தான் கேட்கிறாள். ஓர் உயிர் படும் பாட்டை இன்னோர் உயிர் எந்த வழியில் அறிய முடியும் என்ற பழைய தத்துவக் கேள்வி அது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், அறியும் வழிகளை ஆராய்ந்துவிட்டுத்தான் இறைவனைப் பற்றிப் பேசத் தொடங்குகிறது. காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் மற்றவற்றை அடக்கும் அந்நூல், காண்டலுக்குள் தன்வேதனைக் காட்சி என்று ஒன்றைத் தனியே பிரித்து வைக்கிறது. இன்பமும் துன்பமும் அனுபவிப்பவருக்கே நேராகத் தெரியும் என்பது அதன் பொருள். அப்படியானால் வெளியே நிற்கும் நமக்கு மிஞ்சுவது இரண்டு வழிகள்: அடையாளத்தைக் கண்டு கருதி அறிவது, சொல்லக் கேட்டு அறிவது. குழந்தையின் அழுகையை மருத்துவம் நெடுங்காலம் முதல் வழியில் மட்டுமே வைத்தது. அதை இரண்டாம் வழியில், ஓர் உரையாக ஏற்க வேண்டும் என்பது என் வாதம். சைவ சித்தாந்தத்தில் உரை என்பது முதன்மையாக ஆகமத்தைக் குறிக்கும். அதைத் தொட்டில் வரை நீட்டுவது என் பொறுப்பு.

இந்த இரண்டுக்கும் நடைமுறையில் பெரிய வேறுபாடு உண்டு. புகையைக் கண்டு நெருப்பென்று கருதும்போது, அது பனிமூட்டமாக இருக்கலாமே என்ற ஐயம் எப்போதும் எழலாம். ஐயம் தீரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம். ஒருவர் வாய்விட்டுச் சொல்லும்போது அப்படி நிற்க முடியாது. நம்பாமல் இருக்கத்தான் காரணம் காட்ட வேண்டும். காரணம் காட்டும் இந்தப் பொறுப்பு இடம் மாறாமல் கிடந்ததன் விலையை மருத்துவ வரலாறு காட்டுகிறது. பச்சிளங்குழந்தையின் நரம்புகள் முதிரவில்லை, அதன் அசைவெல்லாம் வெறும் அனிச்சை என்று கருதிய காலம் ஒன்று இருந்தது. தசைகளை அசைவற்றதாக்கும் மருந்தையும் நைட்ரஸ் ஆக்சைடையும் மட்டும் கொடுத்து, குறைமாதக் குழந்தைகளின் நெஞ்சைத் திறந்தார்கள். ஆக்ஸ்போர்டில் கன்வல்ஜீத் சிங் ஆனந்தும் அவருடைய குழுவினரும் அத்தகைய குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு ஃபென்டனில் என்ற வலிநீக்கியையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 1987இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. வலிநீக்கி பெறாத குழந்தைகளின் உடலில் அதிர்ச்சிக்கான ஹார்மோன்கள் மிகவும் ஏறியிருந்தன. ஆபரேஷனுக்குப் பின் வந்த சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம். அழுது சொல்லும் வழியையும் அடைத்துவிட்டு, வலிக்குச் சான்றில்லை என்று அந்தக் கால மருத்துவர்கள் இருந்திருக்கிறார்கள். அவர்கள் கொடியவர்கள் அல்லர். சான்று என்றால் என்ன என்பதில் பிழைபட்டவர்கள்.

குழந்தைக்குத்தான் பிறகு எதுவும் நினைவிருக்காதே என்பார்கள். நினைவில்லாத துன்பமும் படும்போது துன்பம்தான். உடல் அதை மறந்துவிடுவதாகவும் தெரியவில்லை. டொரொன்டோவில் அன்னா டாடியோ குழுவினர் 1997இல் வெளியிட்ட ஆய்வில், பிறந்த சில நாட்களுக்குள் மரத்துப்போகச் செய்யும் மருந்தில்லாமல் சுன்னத்து செய்யப்பட்ட ஆண் குழந்தைகள், நான்கு அல்லது ஆறு மாதங்களில் தடுப்பூசி போடும்போது மற்றவர்களைவிடக் கடுமையாகத் துடித்தார்கள்.

இதைவிட வலுவான மறுப்பு மயக்கவியலாளர்களிடமிருந்தே வரும். செவோஃப்ளுரேன் போன்ற மருந்துகளிலிருந்து விழிக்கும் குழந்தைகள் சிலர் வலியே இல்லாதபோதும் கதறிப் புரளுவார்கள். தன்னிலை இழந்த அந்த நேரத்துச் சொல்லையும் நம்புவதா? இதற்காக 2004இல் சிகிச், லெர்மன் இருவரும் ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். குழந்தை தன்னைக் கவனித்துக்கொள்பவரின் கண்ணைப் பார்க்கிறதா, அதன் செய்கையில் நோக்கம் இருக்கிறதா, சுற்றம் தெரிகிறதா, அமைதியற்று இருக்கிறதா, தேற்றினால் தேறுகிறதா என்று ஐந்து கேள்விகள் அதில் உண்டு. இவற்றில் முதல் மூன்றும் சாட்சி தெளிவான நிலையில் இருக்கிறதா என்று சோதிப்பவை. சாட்சியை மதிப்பவர்தான் அதன் நிலையைச் சோதிப்பார். உரைக்கு வழக்கமாக வரும் பெரிய குற்றம் பொய். கைக்குழந்தைக்கு அது இயலாதது. மிஞ்சும் குற்றமான மயக்கத்தை இப்படிப் பிரித்தறிய வழியும் இருக்கிறது.

அமைதியைச் சாட்சியமாக எடுத்துக்கொள்வதில்தான் இன்னும் கவனம் வேண்டும். குதிகாலில் ஊசி குத்தும் முன் சர்க்கரைக் கரைசல் கொடுத்தால் சிசுவின் முகம் அவ்வளவாகச் சுளிப்பதில்லை. ஆனால் லண்டனில் ரெபெக்கா ஸ்லேட்டர் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், மூளையில் எழுந்த வலிக்கான அலைகளில் குறிப்பிடத்தக்க குறைவு இல்லை. அழுகை சொன்னதை நம்பலாம். மௌனத்தை அதே அளவில் நம்பக் கூடாது. வலியை அளக்கும் அளவுகோலில் 0 விழுந்தால் வலி இல்லை என்று எழுதிவிடுவது அவசரம்.

நம்பினால் மருந்தை அள்ளிக் கொடுக்க வேண்டிவருமே என்ற அச்சமும் நியாயமானது. தொண்டைச் சதை (டான்சில்) நீக்கிய பின் கோடீன் கொடுக்கப்பட்ட சில குழந்தைகள் மூச்சடங்கி இறந்ததால், 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடும் எச்சரிக்கை விடுத்தது. ஆனால் நம்புவது வேறு, மருந்து கொடுப்பது வேறு. தாயின் மடி, வேறு மருந்து, மரத்துப்போகும் ஊசி, கூடவே ஒருவர் இருப்பது என்று நம்பிக்கை செயலாக மாறப் பல வழிகள் உண்டு.

வீட்டுக்குப் போன பின்னும் குழந்தை தேறிக்கொண்டுதான் இருக்கிறது. தூக்கத்தில் அலறுகிறதா, சாப்பிட மறுக்கிறதா, தாயை விட்டுப் பிரிய அஞ்சுகிறதா என்று பெற்றோரைக் கேட்கும் வினாப்பட்டியலை வெர்னன் குழுவினர் 1966லேயே வகுத்துவிட்டார்கள். நான்கு வயதைக் கடந்த குழந்தைகள் பலர், வலியின் அளவைக் காட்ட வரைந்த முகங்களில் தம்முடையது எது என்று தாமே தொட்டுக் காட்டிவிடுவார்கள். எனவே மருத்துவர்களிடமும் நர்சுகளிடமும் கேட்பது இதுதான்: டிஸ்சார்ஜ் தாளில் மதிப்பெண்ணை எழுதும் முன் குழந்தையைக் கேளுங்கள். பேசத் தெரியாத குழந்தையென்றால் அது காட்டியதையும், அதைப் பெற்றவள் சொன்னதையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.