தட்டிப் பார்த்தல்

வியாசர்பாடியிலிருந்து காசிமேட்டுக்கு நாலைந்து கிலோமீட்டர்தான் இருக்கும். இருந்தும் எங்கள் தெருவுக்குக் கடல் கிடையாது. கீழ்க்காற்று அடித்தால் வாடை வரும், அவ்வளவே. எங்களுக்குத் தண்ணீர் என்றால் மழைக்காலத்தில் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கி நிற்பதுதான். அப்படிப்பட்ட தெருவில் ஐஸ் வியாபாரம் செய்யும் ஒருவர் பழைய விசைப்படகு ஒன்றை வாங்க முடிவு செய்து, பார்த்துவரக் கூப்பிட்டார். எனக்குப் படகைப் பற்றி எதுவும் தெரியாது என்றேன். "பேங்க்ல இருக்கீங்க, நாலு எழுத்துப் படிச்சிருக்கீங்க. சும்மா கூட நில்லுங்க சார்" என்றார். படித்தவன் பக்கத்தில் நின்றால் விற்பவன் பொய் சொல்லத் தயங்குவான் என்று நம்பும் மனிதர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் போனேன்.

மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக் கூடாது. படகுகள் கரையேறுவதும் பழுதுபார்க்கப்படுவதும் கைமாறுவதும் பெரும்பாலும் அப்போதுதான். நாங்கள் பார்த்த படகுக்குப் புதிதாக நீலப் பெயின்ட் அடித்திருந்தார்கள். கூட வந்த ஆசாரி அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. அடித்தளத்துப் பலகையைத் தூக்கி உள்ளே தலையை விட்டு மோந்து பார்த்தார். பிறகு ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு முன்பக்கத்திலிருந்து சாண் சாணாகத் தட்டிக்கொண்டே வந்தார். கண் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டவர் மாதிரி.

மரப் படகைப் பொறுத்தவரை கண் நம்பத் தகுந்த புலன் அல்ல. மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு உண்மையில் புழுவே அல்ல, சிப்பி இனம். குண்டூசித் தலை அளவு துவாரத்தில் குஞ்சாக உள்ளே போய், அங்கேயே வளர்ந்து, மரத்தைத் தேன்கூடு மாதிரி ஆக்கிவிடும். மேல்பரப்பு அப்படியே இருக்கும். அதைத் தடுக்கத்தான் மரத்தின் மேல் ஃபைபர் போர்த்துகிறார்கள். போர்வைக்கும் மரத்துக்கும் நடுவே தண்ணீர் புகுந்துவிட்டால் போர்வையே அழுகலை மறைத்து வைக்கும். ஒட்டியிருக்கிற இடம் கெட்டியாக ஒலிக்கும். விட்டுப்போன இடத்தில் 'பொத்' என்று ஒரு சப்தம். பின்பக்கம், ஷாஃப்ட் வெளியே வரும் இடத்துக்குப் பக்கத்தில், அந்தச் சப்தத்தை நானும் கேட்டேன். ஆசாரி உள்பக்கம் போய் உளியை வைத்து அழுத்தினார். நனைந்த அட்டையில் இறங்குவது போல இறங்கியது.

"மாத்திடணும் மொதலாளி. மாத்தாங்காட்டியும் ஓடும். எத்தினி நாளுன்னு மட்டும் கேக்காதீங்க" என்றார் ஆசாரி.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. யாரும் பதறவில்லை. விற்பவரும் மறுக்கவில்லை. நண்பர் அந்தச் சப்தத்தைப் பிடித்துக்கொண்டு பேரம் பேசினார். அரை மணி நேரத்தில் நாற்பதாயிரம் ரூபாய் குறைந்தது. "அடுத்த தடைக்காலத்துல மாத்திக்கலாம்" என்று தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார். என் பக்கம் திரும்பி, "நீங்க ஒண்ணும் சொல்லலைன்னா சரின்னு எடுத்துக்கறேன் சார்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

வங்கிப் பரீட்சைக்காக நெட்டுருப் போட்ட 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் வீடு திரும்பும் வழியில் ஞாபகத்துக்கு வந்தது. அதன் 17ஆவது பிரிவில் ஒரு குதிரை வருகிறது. நோயுள்ள குதிரை என்று தெரிந்தும் ஒருவன் ஏலத்தில் பேசாமல் விற்கிறான். அது மோசடி ஆகாது என்கிறது சட்டம். வாங்குவது அப்போதுதான் வயதுக்கு வந்த தன் மகள் என்றால் நிலைமை வேறு, அவளிடம் சொல்லக் கடமைப்பட்டவன். வாங்குபவன், 'நீ மறுக்காவிட்டால் குதிரைக்கு ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்வேன்' என்று சொல்லி, விற்பவன் வாய் திறக்காவிட்டால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் இன்னொரு முடிச்சுப் போடுகிறது. சோதித்துப் பார்த்து வாங்கியவன், சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்காகப் பிறகு முறையிட முடியாது.

ஐஸ்கார நண்பர் இந்தச் சட்டம் எதையும் படிக்காமலே அதன் வாக்கியத்தை என்னிடம் சொல்லிவிட்டார். ஆனால் நான் விற்பவன் அல்ல. சட்டத்தின் முன் என் மௌனத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை. இந்த விடுதலை எனக்குத் திருப்தி தரவில்லை. ஏன் என்று யோசித்தபோதுதான் இந்தச் சட்டங்களின் உலகத்தில் இரண்டே பேர் இருக்கிறார்கள் என்பது உறைத்தது: விற்பவன், வாங்குபவன். குறையைச் சொன்னால் போதும், அல்லது விலையில் கழித்தால் போதும், கணக்கு நேராகிவிடும். அன்று காசிமேட்டில் கணக்கு நேராகத்தான் இருந்தது. குறை விலையில் கழிந்துவிட்டது. படகில் கழியவில்லை. நாற்பதாயிரம் நண்பருக்கு, அந்தப் பலகை, படகில் ஏறப்போகும் எட்டுப் பேருக்கு. அவர்கள் அங்கே இல்லை. அவர்களிடம் யாரும் விலை பேசவில்லை.

பழைய கட்டுமரத்தில் இந்தச் சிக்கலுக்கு இடமே இல்லை. கரை திரும்பியதும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவார்கள். அதற்கு 'உள்' என்று ஒன்று கிடையாது, ஒளிப்பதற்கும் ஒன்றுமில்லை. பெரும்பாலும் சொந்தக்காரனும் கட்டுகிறவனும் ஏறுகிறவனும் ஒரே ஆள், அல்லது ஒரே குடும்பம். பழமையைப் புகழ இதைச் சொல்லவில்லை. கட்டுமரத்தில் போனவர்களும் திரும்பாமல் போயிருக்கிறார்கள். விசைப்படகில் சொந்தக்காரன், சோதிப்பவன், ஏறுபவன் மூவரும் வெவ்வேறு ஆட்களாகப் பிரிந்துவிட்டார்கள். அந்த இடைவெளியில்தான் தார்மீகக் கேள்வி பிறக்கிறது.

வில்லியம் கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலேயக் கணித மேதை 1877இல் எழுதிய கட்டுரை ஒன்று கப்பல் முதலாளி ஒருவனில் தொடங்குகிறது. தன் கப்பல் பழையது, பழுதுபார்க்க வேண்டியது என்று அவனுக்குத் தெரியும். எத்தனையோ பயணம் போய்த் திரும்பிய கப்பல்தானே என்று தன்னைச் சமாதானப்படுத்திச் சந்தேகத்தைக் கொன்றுவிடுகிறான். நல்ல மனதோடு வழியனுப்புகிறான். கப்பல் மூழ்குகிறது. அவன் நம்பிக்கை உண்மையானது, ஆனாலும் அவன் குற்றவாளி என்கிறார் கிளிஃபோர்ட். கப்பல் மூழ்காமல் திரும்பியிருந்தாலும் குற்றவாளியே என்கிறார். வெறும் புத்தக உதாரணமாக இதைத் தள்ள முடியாது. 1870 டிசம்பரில் சூரிய கிரகணம் பார்க்கப் போன குழுவில் ஒருவராகச் சிசிலிக் கரையருகே கப்பல் உடைந்து பிழைத்தவர் அவர். ஏறியவனின் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறார்.

அதே காலத்து இங்கிலாந்தில், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டு, ஓட்டைக் கப்பலில் ஏற மறுத்த மாலுமிகள் சிறைக்குப் போனார்கள். சோதிக்கும் உரிமை இல்லாதது மட்டுமில்லை, சந்தேகப்படுவதே குற்றமாக இருந்தது. சாமுவேல் பிளிம்சால் போராடி 1876இல் ஒரு சட்டம் வந்தது. கப்பல் எந்த அளவு வரை தண்ணீரில் அமிழலாம் என்று பக்கவாட்டில் கோடு போட வேண்டும். கோட்டை எங்கே போடுவது என்பதை முதலாளியின் விருப்பத்துக்கே விட்டார்கள். 1890 வரை அப்படித்தான். சோதனை என்ற பெயரில் நாம் செய்துவரும் பல காரியங்களுக்கு இந்தப் பதினான்கு வருஷம் பொருத்தமான சின்னம்.

நம் மதிப்புரைகளும் இதில் சேர்த்தி. நண்பரின் தொகுதியைக் கையில் எடுத்தால் நன்றாக ஒலிக்கும் இடமாகப் பார்த்துத் தட்டுகிறோம். 'பொத்' என்று கேட்டுவிட்டால் 'முதல் தொகுதி' என்று விலையில் கழித்துவிடுகிறோம். இந்த ஒப்புமையை இதற்கு மேல் நீட்டுவது அபத்தம். கவிதையில் ஏறி யாரும் மூழ்குவதில்லை.

சோதிப்பது வாங்குபவனின் உரிமை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது ஏறப்போகிறவர்களுக்கு அவன் பட்ட கடன். சப்தத்தைக் கேட்ட யாரும் அந்தக் கடனில் பங்காளிதான், சும்மா கூட நின்றவன் உட்பட.

படகு ஜூனில் கடலுக்குப் போயிற்று. போய்ப் போய்த் திரும்பிக்கொண்டிருக்கிறது. "நீங்க வந்த ராசி சார்" என்கிறார் நண்பர், பார்க்கும்போதெல்லாம். பலகையை மாற்றியாயிற்றா என்று நான் கேட்கவில்லை. தெருவில் கேட்க வேண்டியதை இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன். இருநூறு பேர் படிக்கும் பத்திரிகை இது. அந்த எட்டுப் பேரில் ஒருவர்கூட இதைப் படிக்கப்போவதில்லை என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும்.