தேர்ந்துகொண்ட துன்பம்

ஸ்பெயின் நாட்டு வரலாற்றில் சாஞ்சோ என்றொரு மன்னன் வருகிறான். வடக்கே லியோன் நாட்டை 956ஆம் ஆண்டு முதல் ஆண்டவன். அளவு மீறிப் பருத்த உடலினன். 'பருத்தவன்' என்பதே அவன் பெயரோடு ஒட்டிக்கொண்ட அடைமொழியாயிற்று. அவ்வுடலையே குறையாகக் காட்டிப் பிரபுக்கள் 958இல் அவனை அரியணையினின்றும் இறக்கினர். அவனுடைய பாட்டி தோதா அரசி, குர்துபாவை ஆண்ட கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மானிடம் உதவி நாடினாள். கலீஃபாவின் அவையில் இருந்த யூத மருத்துவர் ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத் அவனுக்குச் சிகிச்சை அளித்தார். உடல் மெலிந்து திரும்பிய சாஞ்சோ, கலீஃபாவின் படைத்துணையுடன் 960இல் இழந்த அரியணையை மீண்டும் அடைந்தான்.

போகும்போது பருத்தவன், வரும்போது மெலிந்தவன். இவ்விரண்டிற்கும் இடையே குர்துபாவில் அவன் கழித்த நாட்கள் எத்தகையவை? எத்தனை முறை பசியால் அழுதான்? எத்தனை முறை அரியணையே வேண்டாம் என்று எண்ணினான்? வரலாறு வாய் திறப்பதில்லை. அவன் உதடுகளைத் தைத்துவிட்டார்கள் என்றொரு கதை மட்டுமே வழங்குகிறது.

இன்றைய மருத்துவமனை விளம்பரங்களும் அவ்வாறே. 'முன்' என்று ஒரு படம்; 'பின்' என்று ஒரு படம். நடுவே ஒரு கோடு. அந்தக் கோட்டிற்குள் ஒரு மனிதன் படும் பாட்டைப் பற்றியே இங்குச் சிறிது சிந்திக்க விரும்புகிறோம்.

இச்சிந்தனைக்கு நம்மை இழுத்துச் சென்றவர் நம்மிடம் ஓதிய பழைய மாணவர் ஒருவர். நாற்பதைக் கடந்தவர், கடை வைத்திருப்பவர். நூற்று முப்பது கிலோவுக்கும் மேற்பட்ட உடல். சர்க்கரை நோய், முழங்கால் வலி, உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் தொல்லை ஆகியவற்றோடு பத்தாண்டு காலம் போராடியவர். ஓராண்டு யோசித்து, மருத்துவர் பலரைக் கலந்து, இரைப்பைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார்.

அச்சிகிச்சை இன்னதென்று சுருக்கமாகச் சொல்லிவிடுதல் நலம். உடற்பருமனுக்காக இரைப்பையில் அறுவை செய்யும் வழியை 1966இல் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்னும் மருத்துவர் தொடங்கி வைத்தார். முறைகள் பலவாகப் பெருகின. இன்று மிகுதியாகச் செய்யப்படும் முறையில், இரைப்பையின் முக்கால் பங்கையோ அதற்குச் சற்று மேலோ நீளவாக்கில் வெட்டியெடுத்துவிடுகின்றனர். எஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். எடுத்ததை மீண்டும் வைக்க வழியில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பினை ஜப்பானிய அறிஞர்கள் 1999இல் கண்டறிந்தனர். அது பெரும்பாலும் சுரப்பது இரைப்பையின் மேற்பகுதியில். வெட்டப்படுவதில் அப்பகுதியும் அடங்கும். பசி என்பது நாவடக்கம் இல்லாதவனின் ஒழுக்கக் கேடு மட்டுமே என்று எண்ணியிருப்போர் இச்செய்தியைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும்.

பயனும் கற்பனையன்று. சுவீடன் நாட்டில் 1987இல் தொடங்கி நீண்ட காலம் நடந்த ஆய்வு, இத்தகைய சிகிச்சை பெற்றோரிடையே மரணம் குறைந்திருந்ததை 2007இல் எடுத்துரைத்தது. ஆக, நம் மாணவர் மூடத்தனமாக எதையும் செய்துவிடவில்லை.

ஆனால் நடுவிலுள்ள அந்தக் கோடு!

முதல் நாட்களில் தண்ணீரைக் கூடக் குடிக்க இயலாது, உறிஞ்சத்தான் வேண்டும். மருந்துப் புட்டியின் மூடியளவு நீரை எடுத்து வைத்துக்கொண்டு கால் மணி நேரத்தில் முடிக்க வேண்டும். இப்படியே விழித்திருக்கும் பொழுதெல்லாம் உறிஞ்சினால்தான் ஒரு நாளைக்குரிய ஒன்றரை லிட்டர் நிறையும். ஏறத்தாழ இரண்டு வாரம் நீராகாரம். அடுத்துச் சில வாரம் மசித்த கூழ். பின்னர் மென்மையான உணவு. திடவுணவை அடைய இரண்டு மாதம் ஆகலாம். உண்ணும்போது நீர் அருந்தலாகாது. புரதம் நாளொன்றுக்கு அறுபது கிராமுக்குக் குறையலாகாது. வைட்டமின்களும் இரும்பும் சுண்ணச்சத்தும் வாழ்நாள் முழுவதும் வேண்டும். இவ்வளவையும் கடைப்பிடித்து வரும்போதே மூன்றாம் வாரவாக்கில் எடை இறங்காமல் நின்றுவிடுவதுண்டு. சில மாதம் கழித்து முடி கொட்டுவதுண்டு. இவை கடந்துபோகும் என்று மருத்துவர் சொல்வது உண்மையே. எனினும் கண்ணாடி முன் நிற்பவருக்கு அவ்வுண்மை போதுவதில்லை.

அறுவை முடிந்த ஒரு வாரத்தில் அவர் நம்மோடு தொலைபேசியில் பேசினார். குரல் மெலிந்திருந்தது. "ஹஜ்ரத், முப்பது நாளும் நோன்பு பிடித்தவன் நான். ஒரு மிடறு தண்ணீரிடம் தோற்றுப்போனேன்" என்றார். நாம் வழக்கம்போலச் சொன்னோம்: "தம்பி, ஸப்ரு செய்யுங்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்." சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். நல்ல சொல்லைச் சொன்னோம் என்ற நிறைவும் நமக்கிருந்தது.

பன்னிரண்டாம் நாள் நேரில் பார்க்கச் சென்றோம். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். முன்னறையில் உறவினர் ஒருவர், அவர் காதில் விழும்படியாகவே, "வாயைக் கட்டியிருந்தால் வயிற்றை அறுக்க வேண்டியதில்லை, தானே தேடிக்கொண்டதுதானே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அருகே சென்று அமர்ந்தோம். "என்ன செய்கிறது தம்பி?" என்று கேட்டோம். வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார். மூன்று நாளாக உறிஞ்சிய நீரெல்லாம் வாந்தியாகிவிடுகிறது. சிறுநீர் கறுத்து வருகிறது. எழுந்தால் தலை சுற்றுகிறது. மனைவியிடமும் சொல்லவில்லை, மருத்துவரிடமும் சொல்லவில்லை.

"ஏன் சொல்லவில்லை?" என்று பதறினோம்.

"நானாகத் தேடிக்கொண்டது, ஹஜ்ரத். முறையிட எனக்கு என்ன உரிமை? நீங்களும் ஸப்ரு செய்யத்தானே சொன்னீர்கள்?"

அன்று மாலையே அவரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். உள்ளே வீக்கத்தால் வழி குறுகியிருந்தது. நரம்பு வழியே நீரும் தையமின் என்னும் வைட்டமினும் செலுத்தினர். வாந்தி நீடித்து அவ்வைட்டமின் வற்றிப்போனால் மூளையும் நரம்புகளும் நிரந்தரமாகக் கெட்டுவிடக் கூடும் என்று மருத்துவர் விளக்கியபோது நம் நெஞ்சு நடுங்கிற்று. நாம் மருந்தென்று கொடுத்த ஒரு சொல், அவர் வாயைப் பூட்டும் பூட்டாகி இருந்தது.

அன்றிரவு அந்தச் சொல்லையே எண்ணிக்கொண்டிருந்தோம். அரபியில் 'ஸப்ரு' என்பதன் மூலப்பொருள் தடுத்து நிறுத்துதல், கட்டுப்படுத்துதல் என்பது. தமிழில் 'பொறை' என்பது பொறுமையையும் குறிக்கும், சுமையையும் குறிக்கும். ஒரு மொழி கடிவாளத்தை நினைக்கிறது. மற்றொரு மொழி தோளை நினைக்கிறது. இரண்டிலும் 'வாயை மூடிக்கொள்' என்னும் பொருள் இல்லை. சுமப்பவன் "சற்றுக் கை கொடுங்கள்" என்று கேட்டால் அவன் சுமக்கவில்லை என்று யாரேனும் சொல்வார்களா? பொறுமைக்கு எடுத்துக்காட்டாக உலகம் போற்றும் அய்யூப் நபி தம் துன்பத்தை வாய்விட்டு இறைவனிடம் முறையிட்டவரே. மகனைப் பிரிந்த யஃகூப் நபி கண் பார்வை குன்றும்வரை கவலையுற்றவரே. அவர்கள் பொறுமையாளர் பட்டியலினின்றும் நீக்கப்பட்டார்களா?

ஒழுக்க நூலோர் பொறுமையை மூவகையாகப் பிரிப்பர். செய்ய வேண்டியதை விடாது செய்வதில் பொறுமை ஒன்று. விலக்க வேண்டியதை விலக்கி நிற்பதில் பொறுமை ஒன்று. வந்துற்றதைத் தாங்குவதில் பொறுமை ஒன்று. இந்நோயாளியின் நாளை அம்மூன்றாகவும் பிரித்துப் பார்க்கலாம். சலிப்பில்லாமல் உறிஞ்சுவது, நடப்பது, மாத்திரை விழுங்குவது முதல் வகை. பிள்ளைகள் உண்ணும்போது எழும் ஆசையை அடக்குவது, கூழ் உண்ணும் காலத்தில் சோற்றுக்கு அவசரப்படாதிருப்பது இரண்டாம் வகை. எடை நின்றுபோவதும் முடி கொட்டுவதும் அயர்வும் மூன்றாம் வகை. அவர் செய்த பிழை, அவருக்கு நாம் செய்வித்த பிழை, எல்லாவற்றையும் மூன்றாம் வகையில் போட்டுவிட்டதேயாகும். நில்லாத வாந்தியும், காய்ச்சலும், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலியும், காரணமின்றி விரையும் நாடித்துடிப்பும், மூச்சுத் திணறலும், காலில் திடீர் வீக்கமும் தாங்கிக்கொள்ள வேண்டியவை அல்ல; உடனே சொல்ல வேண்டியவை. அவற்றைச் சொல்வதே அப்பொழுதில் முதல் வகைப் பொறுமையாகிவிடுகிறது. மனம் இருண்டு, வாழ்வே வேண்டாம் என்று தோன்றுவதும் அப்பட்டியலைச் சேர்ந்ததே. இச்சிகிச்சைக்குப் பின் சிலருக்கு அவ்வாறு நேர்வதை மருத்துவ உலகம் அறியும். உடல் ஓர் அமானத். அடைக்கலப் பொருளுக்குச் சேதம் நேரும்போது காவலன் கூவ வேண்டும். கூவாதிருப்பதைப் பொறுமை என்று சொல்லுதல் தகாது.

இனி, "தானே தேடிக்கொண்டது" என்னும் சொல்லுக்கு வருவோம். நம் ஊர்களில் சபுராளிகள் எத்தனை பேர்! கடல் கடந்து பிழைக்கப் போகிறவர் எவரும் கட்டி இழுத்துச் செல்லப்படவில்லை. தாமே தேர்ந்து, தாமே கடன் வாங்கிப் போகின்றனர். அங்கிருந்து அழுகுரல் வந்தால், "நீயாகத்தானே போனாய்" என்று எந்தத் தாயாவது சொல்வாளா? பிள்ளைப்பேற்றில் துடிப்பவளிடம், "நீ விரும்பிய பிள்ளைதானே" என்று சொல்வோர் உண்டா? மனிதன் தேர்ந்தெடுப்பது கரையை. அலை அதனோடு கூடவே வருகிறது. அலை உண்டு என்று அறிந்து ஒப்புக்கொள்வது வேறு. வாயில் உப்புநீர் புகும்போது அறிவது வேறு. தேர்ந்துகொண்ட துன்பம் துன்பமாக இருப்பதினின்றும் நீங்கிவிடுவதில்லை. அதற்கு ஒரு தனிக் கொடுமையும் உண்டு. வந்துற்ற துன்பத்தில் விதியை நோகலாம். தேர்ந்த துன்பத்தில் நோவதற்குத் தன்னையன்றி வேறெவரும் இல்லை. ஆகவே அவனுக்குக் கருணை சற்றுக் கூடுதலாகவே வேண்டும்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய பின் அவர் நம்மிடம் மற்றொன்றும் கேட்டார்: "செய்தது தவறோ என்று இரவெல்லாம் மனம் அடித்துக்கொள்கிறது, ஹஜ்ரத். திருப்பிச் செய்ய வழியில்லையே!"

இதற்கு நம் சட்ட நூல்களே நமக்கு விடை தந்தன. காழி சினத்தோடு இருக்கும்போது தீர்ப்பளிக்கலாகாது என்பது விதி. கடும்பசி, தாகம், வேதனை ஆகியவற்றையும் சட்ட அறிஞர் அதனோடு சேர்த்துள்ளனர். "தம்பி, பிறர் வழக்கிற்கே இவ்விதி என்றால், உங்கள் வழக்கிற்கு வேண்டாமா? ஓராண்டு நிதானமாக யோசித்து எடுத்த முடிவை, மூன்று நாள் வாந்தியெடுத்த இரவில் அமர்ந்து விசாரிக்கிறீர்களே! வழக்கை ஒத்திவையுங்கள். பசியும் வேதனையும் அடங்கிய பின் தீர்ப்புச் சொல்லுங்கள். அதுவரை அடுத்த மூடித் தண்ணீர் ஒன்றே உங்கள் கடமை" என்றோம். சிரித்தார். அறுவைக்குப் பின் அவர் சிரித்து நாம் கண்டது அதுவே முதல் முறை.

நோன்பைப் பற்றி அவர் சொன்னதையும் பின்னர் நினைத்துப் பார்த்தோம். நோன்பாளி தாகத்தைத் தாங்குவது மஃரிபு வரும் என்பதனால். பாங்கொலி கேட்கும்; கஞ்சி காத்திருக்கும்; ஊரே கூடியிருக்கும். அவருடைய தாகத்திற்குப் பாங்கு சொல்வார் இல்லை. கூட நோற்பாரும் இல்லை. தோற்றுப்போனது அவருடைய உறுதி அன்று; அவர் தனித்து விடப்பட்டார். இதை உணர்ந்த அவருடைய மனைவி பின்னர் ஒரு வழி கண்டார். தாமும் ஒரு சிறு கோப்பையை வைத்துக்கொண்டு, கணவர் உறிஞ்சும்போதெல்லாம் தாமும் உடன் உறிஞ்சினார். எந்த மருத்துவரும் எழுதித் தராத மருந்து அது.

எட்டு மாதம் கழித்து மதரஸாவின் படியேறி அவரே நம்மைக் காண வந்தார். மாத்திரைகள் தொடர்கின்றன, உணவில் கவனம் தொடர்கிறது, சில நாள் குமட்டலும் உண்டு. ஒத்திவைத்த வழக்கு என்னாயிற்று என்று கேட்டோம். "இன்னும் தீர்ப்பு எழுதவில்லை, ஹஜ்ரத். ஆனால் இரவில் நன்றாக உறங்குகிறேன்" என்றார்.

நாமும் ஒன்றைக் கற்றுக்கொண்டோம். நோயாளியைக் காணச் செல்லும்போது, "பொறுத்துக்கொள்ளுங்கள்" என்பதை நாம் இப்போது முதலில் சொல்வதில்லை. "என்ன செய்கிறது?" என்று கேட்கிறோம். கேட்டுவிட்டு, விடை முடியும்வரை அமர்ந்திருக்கிறோம்.