தூண்டிலில் துடிக்கும் உயிர்

சித்திரை, வைகாசி வந்துவிட்டால் நம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கண்மாய்கள் வற்றத் தொடங்கும். இலுப்பூர், அன்னவாசல், பொன்னமராவதி வட்டாரங்களில் மீன்பிடித் திருவிழாக்கள் நடக்கும். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதுதான் தாமதம். ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக ஊரே சேற்றில் இறங்கிவிடும். விரால், கெண்டை, கெளுத்தி, ஜிலேபி என்று அகப்பட்டதெல்லாம் அன்று மாலையே வீடுவீடாகக் குழம்பாகக் கொதிக்கும். (இப்படிப் பிடித்தால் அடுத்த ஆண்டு மழை பொழியும் என்று நம்புவோரும் உண்டு. மழை யார் கையில் இருக்கிறதென்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.)

மீன் ஹலால். அறுக்காமலே உண்ணத்தக்கது. இதில் இமாம்களிடையே பேதமில்லை. நம் கேள்வி வேறு. பசிக்காக அன்றி, வெறும் பொழுதுபோக்கிற்காகத் தூண்டில் போடலாமா?

கேள்வி பழையதுதான். சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த எச்.எஸ். தாமஸ் என்ற வெள்ளைக்காரர், இந்தியக் குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றி மட்டுமே 1887-ல் ஒரு நூல் எழுதினார். வட அமெரிக்காவின் ஏரிகளில் 'வால்ஐ' என்றொரு மீன் உண்டு. கோடை முற்றி மேல்நீர் சூடானதும் அது ஆழத்திற்குப் போய்விடும். அந்தி மயங்கும்போது கரையோரம் இரை தேடி வரும். இறகையும் நூலையும் கட்டிய பொய்ப்பூச்சியைக் காட்டி அதைப் பிடிப்போர் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் பிடித்ததைத் திரும்ப நீரிலேயே விட்டுவிடுகிறார்கள். "நீங்கள் கொன்று தின்கிறீர்கள், நாங்கள் உயிரோடு விடுகிறோம். யார் இரக்கமுள்ளவர்?" என்று அவர்கள் கேட்டால் என்ன சொல்வோம்?

முதலில் ஒன்று. சூடேறிய நீரில் பிராணவாயு குறைவு. நெடுநேரம் போராடிக் களைத்த மீன், விட்ட பிறகு யாரும் காணாத இடத்தில் செத்து மிதக்கலாம். சரி, பிழைத்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த வேதனை எதற்காக? உயிருள்ள எதையும் அம்புக்கு இலக்காக நிறுத்துவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அங்கே குற்றம் சாவு மட்டுமா? ஓர் உயிரின் துடிப்பு இன்னொருவனுக்கு வேடிக்கையாவதும் அல்லவா? உணவுக்காக அனுமதி தரப்பட்டது. அந்த அனுமதிக்குள் வேதனையும் அடங்குகிறது. உணவே வேண்டாமென்றால் எந்த அனுமதியைக் கொண்டு முள்ளை வாயில் மாட்டுவது? ஃபத்வா தருவது ஆலிம்களின் பொறுப்பு. நமக்குத் தோன்றுவதை நாம் சொல்கிறோம். குழம்புக்குப் பிடிப்பவன் பிடிக்கும்போது மகிழ்வதில் தவறில்லை. அவன் கையில் சிறுகுஞ்சு அகப்பட்டால் திரும்ப விடுவதும் வேறு கதை. அது நாளைய உணவு. குஞ்சுக் கூட்டத்தைச் சுற்றிக் காவல் நிற்கும் விராலைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொள்வதே அழகு.

ஆனால் நம் பிள்ளைகளும் யோசிக்க வேண்டியது ஒன்றுண்டு. விராலுக்கு உயிருள்ள தவளையை முள்ளில் கோத்துப் போடுகிறார்களே! மருந்துக்காகக்கூடத் தவளையைக் கொல்ல வேண்டாமென்று பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் அந்த இறகுப் பூச்சிக்காரன் நம்மைவிட மேல். இப்போது கடைகளில் பிளாஸ்டிக் தவளை கிடைக்கிறது. விரால் அதையும் பாய்ந்து கவ்வுகிறது.

அடுத்தது அடுப்படி. விரால் காற்றையும் சுவாசிக்கும் மீன். கரையேற்றி நெடுநேரமாகியும் சாகாது. உயிரோடிருக்கும்போதே சாம்பலைப் போட்டுத் தேய்த்துச் செதிலைச் சீவுவது பல வீடுகளில் வழக்கம். "மீனுக்குத்தான் அறுப்பு இல்லையே" என்பார்கள். அறுப்பு இல்லை என்பது நமக்குத் தந்த சலுகை. வதைக்கத் தந்த உரிமை அன்று. ஷாஃபிஈ நூல்களைப் பாருங்கள். மீனை அறுப்பது மக்ரூஹ் என்று சொல்லிவிட்டு, நெடுநேரம் உயிரோடு கிடக்கும் பெரிய மீனை மட்டும் அதன் வேதனை தீர அறுத்துவிடுவது சுன்னத் என்கிறார்கள். விராலுக்கு இதைவிடப் பொருத்தமான சட்டம் எது? அரிவாள்மனையை எடுக்குமுன் தலையில் ஓங்கி ஓர் அடி. அது அடங்கிய பிறகு சாம்பலை எடுங்கள்.