டியூ யார் பங்கிலிருந்து போகிறது?

கார் விலை ஏறிவிட்டது என்ற பேச்சு எல்லா ஊரிலும் கேட்கிறது. திருவண்ணாமலையில் அதற்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு, ஏனென்றால் இந்த ஊர் பிழைப்பதே நடப்பவர்களால். பௌர்ணமிக்குப் பௌர்ணமி பதினான்கு கிலோமீட்டர் மலையைச் சுற்றி வெறுங்காலோடு நடக்க லட்சக்கணக்கில் ஆட்கள் வருகிறார்கள். நடக்க வருகிறவர்களில் கணிசமானோர் காரில்தான் வருகிறார்கள். அந்தக் கார்களை ஊர் எல்லையிலேயே மடக்கித் தற்காலிக நிறுத்தங்களுக்குத் திருப்பிவிடுவதில் போலீஸாருக்கு ராத்திரி போய்விடுகிறது. இதைச் சொல்லிக் காட்டிக் கார்க்காரர்களைக் கேலி செய்வது சுலபம். கேலியால் யாருடைய கணக்கும் தெளிவதில்லை.

விலையேற்றம் என்பதையே முதலில் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது அதன் விலை ஏறக்குறைய 50,000 ரூபாய். அன்று பவுன் 1,500 ரூபாய்க்குள் கிடைத்தது. ஆக ஒரு கார் முப்பது பவுனுக்கு மேல். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு, 28 சதவீதமும் அதற்கு மேல் செஸ்ஸுமாக இருந்த ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது. ஆல்ட்டோ கே10-இன் தொடக்க விலை நான்கு லட்சத்துக்குள் வந்தது. அடுத்த மாதமே பவுன் 90,000-ஐத் தாண்டியது. நாலு பவுன், மிஞ்சினால் நாலரை. பவுன் கணக்கில் கார் மலிந்துதான் இருக்கிறது. சம்பளம் பவுனில் வருவதில்லையே என்று கேட்டால் அது நியாயம்தான். தங்கம் ஏறிய ஏற்றத்துக்கு எந்தச் சம்பளமும் ஈடுகொடுக்கவில்லை. ஆனாலும், கார் கைக்கு எட்டாமல் போய்விட்டது என்று சொல்கிறவர் பெரும்பாலும் ஆல்ட்டோவை மனதில் வைத்துப் பேசுவதில்லை. இன்று நாட்டில் விற்கும் கார்களில் பாதிக்கும் மேல் எஸ்யுவி ரகம்.

ஏறிய விலையில் ஒரு பகுதி ஏறவேண்டியதே. 2018 முதல் புது வண்டிக்கு மூன்று வருஷத் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸை மொத்தமாகக் கட்ட வேண்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்தது. அடுத்த ஆண்டு முன்னிருக்கை இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயமானது. இவை இல்லாத நாளில் கார் மலிவாக இருந்ததென்றால், மிச்சமான பணத்தை வேறு யாரோ கட்டிக்கொண்டிருந்தார்கள் என்று பொருள்: பின்னால் சைக்கிளில் வந்து புகையை விழுங்கியவர், அடிபட்டு நஷ்டஈட்டுக்கு அலைந்த குடும்பம். இந்த ஏற்றத்துக்காகப் புலம்ப யாருக்கும் உரிமையில்லை.

மற்றப் பகுதி வேறு வகை. அக்னித் தலம் என்று பெயர் வாங்கிய ஊரில், சித்திரை வெயிலில் யாரும் திறக்கப்போகாத சன்ரூஃப் இருக்கிற மாடல்தான் வேண்டும் என்று ஷோரூமில் காத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டு சாலை வரியும் இந்த இடத்தில் ஒரு கோடு கிழித்திருக்கிறது. 2023 நவம்பர் முதல் பத்து லட்சம் வரையிலான காருக்கு அதிகபட்சம் 13 சதவீதம்; அதைத் தாண்டினால் குறைந்தது 18. மிட் மாடலிலிருந்து டாப் மாடலுக்குத் தாவும்போது கோட்டைத் தாண்டிவிட்டால் அரசுக்குப் போகும் பணமும் சேர்ந்து தாவுகிறது. ஆன்ரோடு விலையைக் கேட்டு முகம் சுருங்குகிறவர்களில் பலர் இந்தத் தாவலைத் தாங்களே தேர்ந்தெடுத்தவர்கள்.

அப்படியானால் கார் ஆசையே தவறா? நானோவை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரே ஸ்கூட்டரில் அப்பா, அம்மா, நடுவிலும் முன்னாலும் பிள்ளைகள் என்று போகும் குடும்பத்தைப் பார்த்துத்தான் அந்த எண்ணம் வந்தது என்று ரத்தன் டாடா சொன்னார். 2009-இல் லட்ச ரூபாய்க் கார் என்று வந்தது, 2018-இல் நின்றுபோனது. மலிவான கார் என்று பெயர் வாங்கியதே அதன் சரிவுக்கு ஒரு காரணம் என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஸ்கூட்டர் குடும்பத்துக்குப் பாதுகாப்பு வேண்டியிருந்தது. ‘இல்லாதவன் வாங்கும் கார்’ என்ற முத்திரை வேண்டியிருக்கவில்லை.

இதை வறட்டுக் கௌரவம் என்று தள்ளிவிட முடியாது. இதே மாவட்டத்தில், தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில், பட்டியலின மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் காலெடுத்து வைக்க 2023 ஜனவரி வரை, ஏறக்குறைய எண்பது ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் அதிகாரிகளும் போலீஸும் கூட நின்ற பிறகு. வாசலில் நிறுத்தி வைக்கப்பட்டவர்களின் பேரன் புது வண்டியில் மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஊர்த் தெருவில் ஹாரன் அடித்துப் போனால் அந்தச் செலவை வீண் என்று சொல்ல வெளியாள் யோசிக்க வேண்டும். மதிப்பும் ஒரு தேவைதான். நாலு தலைமுறையாகக் கார் வைத்திருக்கும் வீட்டில் பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியைவிட ஒரு அடி நீளமாக வேண்டும் என்பதும் கௌரவம் என்ற பெயரில்தான் நடக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

பணம் கையில் இருப்பவர் எதை வாங்கினால் என்ன என்ற கேள்வியை இங்கே விட்டுவிடலாம். அது அவர் பாடு. சிக்கல் கடனில் தொடங்குகிறது. எட்டு லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஏழு வருஷம் என்று வைத்துக்கொண்டால் மாத டியூ 12,870 ரூபாயை ஒட்டி வரும். முடியும்போது வட்டி மட்டும் 2,80,000 ரூபாயைத் தாண்டியிருக்கும். இன்சூரன்ஸ் கம்பெனிகளின் தேய்மான அட்டவணையோ நான்கு வருஷம் தாண்டிய வண்டிக்குப் பாதி மதிப்புதான் போடுகிறது. பாதி மதிப்புள்ள பொருளுக்கு இன்னும் மூன்று வருஷம் முழு டியூ. மஞ்சள் போர்டு மாட்டிக் கிரிவலத்துக்கு வருகிறவர்களை ஏற்றிப்போகும் டிரைவருக்கும் இதே கணக்குத்தான். ஆனால் அவருடைய டியூவை வண்டியே சம்பாதித்துத் தர முடியும். வெள்ளை போர்டு வண்டியின் டியூ வீட்டுக்குள்ளிருந்துதான் வர வேண்டும். அது யாருடைய பங்கிலிருந்து வருகிறது என்பதே இதில் உள்ள அறக்கேள்வி. போருக்குக் கிளம்பும் அரசனுக்குச் சொன்ன வலியறிதல் அதிகாரத்தின் கடைசியில் வள்ளுவர் வரவு செலவைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். வீட்டுக் கணக்குக்கும் அது பொருந்தாமல் போகாது.

செங்கம் சாலையில் இருக்கும் ரமணாசிரமத்தைச் சொல்லாமல் இந்த ஊரில் பணத்தைப் பற்றிப் பேச முடியாது. 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி வந்து இறங்கிய, பின்னாளில் ரமணரான வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன், மிச்சமிருந்த பணத்தை அய்யங்குளத்தில் வீசிவிட்டான் என்பதை ஊரே சொல்லும். குடும்பஸ்தனுக்கு அந்தக் கதை உதவாது. துறவியின் கணக்கை டியூ கட்டுகிறவன் தலையில் ஏற்றுவது அநியாயமும்கூட. அதற்கு மூன்று நாள் முன்பு மதுரையில் நடந்ததுதான் அவனுக்கு வேண்டியது. அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்கென்று பையன் கையில் கொடுத்தது ஐந்து ரூபாய். பழைய அட்லஸைப் பார்த்து, திண்டிவனம் வரை போக மூன்று ரூபாய் போதும் என்று கணக்கிட்டு அதை மட்டும் எடுத்துக்கொண்டான். சம்பளம் இன்னும் கட்டவில்லை என்று சீட்டு எழுதி, மீதி இரண்டு ரூபாயை அதோடு வைத்துவிட்டுப் போனான். எடுத்தது அண்ணன் பணம்தான், கேட்காமல் எடுத்ததுதான். அதை நியாயப்படுத்த ஒன்றுமில்லை. ஆனால் யாருக்குச் சேர வேண்டியது இன்னும் பாக்கி என்பதை அவன் மறைக்கவில்லை.

கார் கடன் எடுக்கும் வீடுகளில் அப்படி ஒரு சீட்டை யாரும் எழுதுவதில்லை. டியூ தேதி ஐந்தென்றால் ஐந்தாம் தேதி அது கணக்கிலிருந்து தானாகப் போய்விடுகிறது. போகாமல் மிஞ்சியதில்தான் மற்ற எல்லாம். ஊரிலிருக்கும் அப்பாவுக்கு மாதாமாதம் அனுப்பியது இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாகிறது. மகள் கேட்ட படிப்புக்குப் பதிலாகப் பக்கத்துக் கல்லூரியில் ஏதோ ஒரு டிகிரி. மனைவியின் சீட்டுப் பணம் டவுன் பேமென்ட்டில் கரைந்திருக்கும். யாரும் யாரிடமும் பிடுங்கவில்லை, சண்டைகூட இல்லை. இதில் அநியாயம் என்று விரல் நீட்ட ஓர் ஆள் கிடைக்காததால்தான் அது ஏழு வருஷம் நிம்மதியாக ஓடுகிறது.

வீட்டில் எல்லோரையும் கேட்டுவிட்டு வாங்கினால் சரியாகிவிடும் என்று தோன்றலாம். நம் வீடுகளில் அதுவும் அவ்வளவு நேரானதல்ல. வங்கியில் இணை விண்ணப்பதாரராக மனைவி கையெழுத்துப் போடுகிறாள், பாரத்தைப் படிக்காமலே. அம்மாவைக் கேட்டால், “எனக்கென்னப்பா, நீ வாங்கு, நாலு பேர் பார்க்கட்டும்” என்பாள். தனக்கென்று எதையும் கேட்டுப் பழகாதவளின் சம்மதத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது கேட்காமல் எடுப்பதைவிடப் பெரிதாக மேலானதில்லை. அவள் சொல்லாததை மகன்தான் எழுத வேண்டியிருக்கிறது: தள்ளிப்போட்டுக்கொண்டே வரும் முழங்கால் ஆபரேஷன், அதற்காக வேலூருக்கு எத்தனை நடை, அந்த நாட்களுக்கு வாடகை வண்டி எடுத்தால் என்ன ஆகும். ஷோரூமில் கொடுத்த கொட்டேஷனுக்குப் பக்கத்தில் இந்தத் தாளையும் வைத்துப் பார்த்தால் எல்லா வீட்டுக்கும் ஒரே விடை வராது. சில வீடுகளில் காரே ஜெயிக்கும். சிலவற்றில் டாப் மாடல் மிட் மாடலாகும், இல்லை செகண்ட் ஹேண்ட் வண்டியாகும். மற்ற வீடுகளில் இன்னும் இரண்டு வருஷம் பைக் ஓடும்.