பாதைக்கும் ஒரு ஹக்கு உண்டு: ஆன்லைன் விளையாட்டின் பேச்சு வழியும் நம் பொறுப்பும்

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக. தக்வாவைக் கொண்டு எனக்கும் உங்களுக்கும் வஸிய்யத் செய்தவனாக இந்த உரையைத் தொடங்குகிறேன்.

அன்பிற்குரிய சகோதரர்களே!

சென்ற வாரம் இஷா முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு ஒரு தம்பி தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தார். ஆன்லைன் விளையாட்டுகளைத் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் வேலை. விளையாடுகிறவர்கள் ஒருவரோடு ஒருவர் எழுத்திலும் குரலிலும் பேசிக்கொள்ளும் பகுதியை வடிவமைப்பது அவர் பொறுப்பு. "ஹஜ்ரத், புது விளையாட்டில் குரல் வசதி ஆரம்பத்திலிருந்தே ஆன் ஆகி இருக்கணும்னு மேலே சொல்றாங்க. அப்படி இருந்தால் ஆளுங்க அதிக நேரம் விளையாடுவாங்களாம். ஆனா எங்களுக்கு வருகிற புகார்களை நான்தான் படிக்கிறேன். என்னென்ன பேசறாங்கன்னு வாயால சொல்ல முடியாது. சின்னப் பிள்ளைகளும் விளையாடுறாங்க. பேசுறது அவங்க. பெட்டியைச் செய்து கொடுத்தது நான். எனக்கு அதில் பாவம் உண்டா?" என்று கேட்டார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு வாரம் முன்பு இதே மிம்பரில் நின்று, பிள்ளைகள் கையிலிருந்து போனைப் பிடுங்குங்கள் என்று சுலபமாகச் சொன்னவன் நான். அந்தப் போனுக்குள் இருப்பதைச் செய்கிறவர் இரண்டாவது ஸஃப்பில் உட்கார்ந்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. விளையாட்டு கூடுமா கூடாதா என்ற மஸ்அலா இன்றைய பேச்சு அல்ல. பலர் பேசிக்கொள்ள ஓர் இடத்தை அமைத்துக் கொடுப்பவருக்கு, அங்கே பேசப்படுவதில் பங்கு உண்டா என்பதுதான் இன்றைய கேள்வி.

பாதையோரத்தில் உட்கார்ந்தவர்கள்

புகாரி, முஸ்லிம் இரண்டிலும் அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸ் இருக்கிறது. பாதைகளில் உட்காருவதை விட்டும் நபி (ஸல்) அவர்கள் தோழர்களை எச்சரித்தார்கள். தோழர்களோ, நாங்கள் கூடிப் பேச அதைவிட்டால் வேறு வழியில்லை என்று முறையிட்டார்கள். அப்போது நபியவர்கள், அப்படியானால் பாதைக்குரிய ஹக்கைக் கொடுத்துவிடுங்கள் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். அந்த ஹக்கு என்னவென்றும் விளக்கினார்கள்: பார்வையைத் தாழ்த்துவது, பிறருக்குத் தொல்லை தராமல் இருப்பது, ஸலாமுக்குப் பதில் சொல்வது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது.

மனிதனுக்குக் கூடிப் பேசும் தேவை இருப்பதை நபியவர்கள் மறுக்கவில்லை. ஆனால், பேசும் இடத்தை ஹக்கு இல்லாத இடமாக விட்டுவிடவும் இல்லை. இன்று நம் பிள்ளைகளின் பாதையோரம் போன் திரைக்குள் போய்விட்டது. தெருவில் உட்கார்ந்தால் போகிற பெரியவர் ஒருவராவது அதட்டுவார். ஹெட்செட்டுக்குள் நடக்கும் பேச்சு பக்கத்தில் இருக்கும் தாய்க்கும் கேட்காது.

கிணறு தோண்டியவர் யார்? தள்ளியவர் யார்?

அந்தத் தம்பியின் கேள்விக்கு இரண்டு சுலபமான பதில்கள் உண்டு. கத்தியைச் செய்தவன் கொலைக்குப் பொறுப்பாவானா, பேசியவன் பாடு அவனோடு என்பது ஒன்று. முழுவதும் ஹராம், வேலையை விட்டுவிடு என்பது மற்றொன்று. நம் ஃபுகஹாக்கள் இந்த இரண்டிலும் நின்றுவிடவில்லை.

ஃபிக்ஹு நூல்களில் கிணறு தோண்டியவரின் சட்டம் என்று ஒரு பாடம் வரும். ஒருவர் தன் சொந்த நிலத்தில் கிணறு தோண்டினார், அதில் யாரோ விழுந்தார் என்றால் தோண்டியவர் மீது ஈடு இல்லை. அனுமதியின்றிப் பொதுப் பாதையில் தோண்டினார், வழிப்போக்கர் விழுந்தார் என்றால் தோண்டியவர் ஈடு கொடுக்க வேண்டும். அதே கிணற்றில் மூன்றாவது ஒருவர் வந்து இன்னொருவரைத் தள்ளிவிட்டால், பொறுப்பு தள்ளியவர் மீது. நேரடியாகச் செய்தவரும் காரணமானவரும் ஒன்று சேர்ந்தால் தீர்ப்பு நேரடியாகச் செய்தவரைச் சேரும் என்பது விதி. உஸ்மானிய ஆட்சியில் தொகுக்கப்பட்ட மஜல்லாவிலும் 90ஆவது பிரிவாக இது இடம்பெற்றிருக்கிறது.

இதை நம் விஷயத்தில் வைத்துப் பாருங்கள். விவரம் தெரிந்த ஒருவன் திட்டமிட்டு இன்னொருவனின் தாயைப் பற்றிக் கேவலமாக எழுதினால், தள்ளியவன் அவன். ஆனால் பத்து வயதுப் பிள்ளை விளையாட்டைத் திறந்தவுடன், கேட்காமலேயே முன்பின் தெரியாத ஒரு ஆளின் குரல் அதன் காதுக்குள் வருமாறு வழி அமைக்கப்பட்டிருந்தால்? அந்தப் பிள்ளை போய் விழவில்லை. அது நடக்கும் பாதையிலேயே கிணறு இருந்தது. கத்தி உதாரணம் இங்கே பொருந்தாது. கத்தி எடுக்கும்வரை அலமாரியில் கிடக்கும். இங்கே கதவு முதலிலிருந்தே திறந்து வைக்கப்பட்டிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஈடு கொடுப்பது துன்யாவின் சட்டம். காழி வெளியில் தெரிவதைக் கொண்டு தீர்ப்பளிப்பார். அல்லாஹ்வோ நாம் எதை அறிந்திருந்தோம் என்று கேட்பான். தள்ளியவன் வேறு ஆள்தான். ஆனால் கிணற்றில் ஆள் விழும் சத்தம் தினமும் இரவில் தன் காதில் விழுந்தும் சுற்றிலும் ஒரு வேலி போடாதவனுக்கு, தள்ளியது நான் அல்ல என்ற பதில் அங்கே போதுமா?

தீமைக்குக் கொண்டுபோகும் வழியை அடைப்பதை உலமாக்கள் ஸத்துத் தராயிஃ என்பார்கள். ஸூரா அல்அன்ஆம் 108ஆவது வசனத்தில், பிறர் வணங்குபவற்றைத் திட்ட வேண்டாம் என்று அல்லாஹ் தடுக்கிறான். அவர்கள் பதிலுக்கு அல்லாஹ்வைத் திட்ட அது வழியாகிவிடும் என்பது காரணம். திட்டப்போவது அவர்கள்தான். ஆனாலும் வழி திறப்பவரைப் பார்த்து முதலில் பேசுகிறான். இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் இஃலாமுல் முவக்கிஈனில் இந்த அடிப்படைக்கு 99 ஆதாரங்களை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள்.

வழியை மாற்றினால் மனிதன் மாறுவானா?

கெட்டவன் எங்கேயும் கெட்டதுதான் பேசுவான், அமைப்பை மாற்றி என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். நடந்ததைப் பார்ப்போம்.

லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற விளையாட்டை நடத்தும் ரயட் கேம்ஸ் ஒரு சோதனை செய்தது. எதிரணியோடு பேசும் வசதியை எடுத்துவிடவில்லை. ஆரம்பத்தில் மூடி வைத்து, வேண்டியவர்கள் தாமே திறந்துகொள்ளட்டும் என்று மாற்றியது. பலரும் திறந்து பேசத்தான் செய்தார்கள். ஆனால் ஒரு வாரத்தில் தீய பேச்சு 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தது, நல்ல பேச்சு ஏறக்குறைய 35 சதவீதம் கூடியது என்று 2016இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரை சொல்கிறது. அவர்கள் கண்ட இன்னொரு செய்தி நம்மை உலுக்க வேண்டும். தீய பேச்சின் பெரும்பகுதி, எப்போதும் தீயவர்களாக இருக்கும் சிலரிடமிருந்து வரவில்லை. அன்றைக்கு மனம் சரியில்லாத சாதாரண மனிதர்களிடமிருந்தே வந்தது. அதாவது நம்மைப் போன்றவர்களிடமிருந்து.

2012இல் வெளியான ஜர்னி என்ற விளையாட்டில் முன்பின் தெரியாத இருவர் சேர்ந்து பயணம் செய்வார்கள். எழுத்தும் இல்லை, குரலும் இல்லை. ஒரு ஒலியை மட்டும் எழுப்பலாம். தயாரிப்பின்போது ஒருவரையொருவர் தொட்டுத் தள்ளும் வசதி இருந்ததாகவும், உதவுவதற்கு வைத்த அதைக்கொண்டு ஆட்கள் துணைவரைப் பள்ளத்தில் தள்ளி வேடிக்கை பார்த்ததாகவும், அதனால் அதை நீக்கியதாகவும் வடிவமைத்த ஜெனோவா சென் விளக்கியிருக்கிறார். மேலே சொன்ன கிணற்றுச் சட்டம்தான் நினைவுக்கு வருகிறது. தள்ள வழி இல்லாதபோது அந்த ஆட்களே ஒருவருக்கொருவர் துணையாக நடந்தார்கள்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஃபோர்ட்நைட் விளையாட்டில் குரலும் எழுத்தும் ஆரம்பத்திலேயே திறந்திருந்தன, பிள்ளைகள் அந்நியர்களோடு சேர்க்கப்பட்டார்கள், தொல்லைக்கு ஆளானார்கள் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2022 டிசம்பரில் எபிக் கேம்ஸ், பிள்ளைகள் தொடர்பான அந்த வழக்கில் 27.5 கோடி டாலர் அபராதம் கட்டவும், சிறுவர்களுக்கு அந்த வசதிகளை ஆரம்பத்தில் மூடி வைக்கவும் ஒப்புக்கொண்டது. ஆணையத்தின் புகாரில் ஒரு வரி உண்டு: 2017லேயே அந்த நிறுவனத்தின் ஊழியர்கள் சிலர், குரல் வசதியை விரும்பியவர்கள் மட்டும் திறக்குமாறு மாற்றச் சொல்லி வலியுறுத்தினார்கள் என்பது. அவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னார்கள். நம் தம்பி இப்போது அந்த இடத்தில்தான் நிற்கிறார்.

அனுமதி கேட்டு நுழைதல்

ஸூரா அந்நூர் 27, 28ஆவது வசனங்களில், பிறர் வீட்டில் அனுமதி பெற்று ஸலாம் சொல்லி நுழையவும், திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிடவும் அல்லாஹ் கட்டளையிடுகிறான். அபூ மூஸா (ரலி) அவர்கள் உமர் (ரலி) அவர்களின் வாசலில் மூன்று முறை அனுமதி கேட்டு, பதில் இல்லாததால் திரும்பிப் போனார்கள். ஏன் போனீர் என்று கலீஃபா கேட்டபோது, நபியவர்கள் கற்றுத் தந்த முறை இதுதான் என்றார்கள். அமீருல் முஃமினீனின் வீடே ஆனாலும் வாசல் மூடியிருப்பதுதான் அடிப்படை. திறப்பது உள்ளே இருப்பவர் கையில். குரலும் ஒரு நுழைவுதான். அந்நியரின் குரல் நம் பிள்ளையின் அறைக்குள் வர வேண்டுமானால் அதுவும் வாசலில் நின்று கேட்கட்டும்.

தம்பி! உங்கள் வேலையில் பாதையின் ஹக்கு இதுவென்று எனக்குத் தோன்றுகிறது. பார்வையைத் தாழ்த்துவது என்றால், சிறுவரின் உண்மைப் பெயரும் படமும் அந்நியர் கண்ணில் படாமல் காப்பது. தொல்லையை அகற்றுவது என்றால், தடுக்கவும் புகார் செய்யவும் உள்ள பட்டனைத் தேடி அலையவிடாமல் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது. ஸலாமுக்குப் பதில் என்றால், நல்லதைச் சொல்வதைச் சுலபமாக்குவது. 2019இல் வந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் விளையாட்டில் வாயைத் திறக்காமலேயே இடத்தைச் சுட்டிக்காட்டி அணியோடு பேசிக்கொள்ள முடிகிறது. காது கேளாதவருக்கும், குரல் கேட்டாலே தொல்லை தொடங்கிவிடும் என்று அஞ்சும் பெண்ணுக்கும் அது ஒரு வாசல். தீமையைத் தடுப்பது என்றால், வந்த புகாரை யாராவது படித்து நடவடிக்கை எடுப்பது. பாதிக்கப்பட்டவரைக் காதைப் பொத்திக்கொள்ளச் சொல்வதோடு கடமை முடியாது.

நாவு நம்முடையது

இதையெல்லாம் கேட்டுவிட்டு, குற்றம் முழுவதும் கம்பெனிக்காரர்கள் மீது என்று நாம் எழுந்து போய்விடக் கூடாது. ஹார்த்ஸ்டோன் என்ற சீட்டு விளையாட்டில் எதிரியிடம் சொல்ல, நன்றி, நன்றாக ஆடினீர், மன்னிக்கவும் என்பது போன்ற ஒரு சில சொற்களே இருந்தன. கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. அப்படியும் என்ன நடந்தது? தோற்கப் போகிறவனைப் பார்த்து, நன்றாக ஆடினீர் என்றார்கள். அடித்துவிட்டு, மன்னிக்கவும் என்றார்கள். 2016இல் அந்த மன்னிக்கவும் என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். சொல்லைச் சுத்தம் செய்யலாம் சகோதரர்களே, கல்பைச் சுத்தம் செய்யும் பட்டன் எந்தக் கம்பெனியிடமும் இல்லை. ஸூரா அல்ஹுஜுராத் 11ஆவது வசனம் பரிகாசத்தையே தடுக்கிறது. பரிகாசத்துக்கு நல்ல வார்த்தையும் போதும்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் நாவின் ஆபத்துகள் என்று இருபதை எண்ணிக் காட்டினார்கள். ஒரு மணி நேர விளையாட்டில் அவற்றில் எத்தனை வந்துபோகின்றன என்று இளைஞர்கள் தாமே எண்ணிப் பாருங்கள். எவருடைய நாவிலிருந்தும் கையிலிருந்தும் பிறர் பாதுகாப்புப் பெறுகிறார்களோ அவரே முஸ்லிம் என்ற கருத்தில் நபியவர்கள் சொன்னார்கள். திரையில் தட்டும்போது நாவும் கையும் ஒன்றாகிவிடுகின்றன. அங்கே நம் பெயர் மறைந்திருக்கலாம். ஸூரா காஃப் 18ஆவது வசனம் சொல்லும் கண்காணிப்பாளருக்குப் புனைபெயர் ஒரு திரை அல்ல.

பெற்றோர்களே! போனைப் பிடுங்குங்கள் என்று நான் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்று அஸருக்குப் பிறகு பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். வாப்பாவுக்குக் காட்டு, யாரோடு பேசுகிறாய் என்று அன்பாகக் கேளுங்கள். குரல் வசதி எங்கே மூடுவது என்று இருவரும் சேர்ந்து தேடுங்கள். யாராவது தவறாகப் பேசினால் என்னிடம் சொல், உன்னைத் திட்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுங்கள். திட்டுக்குப் பயந்த பிள்ளை கிணற்றில் விழுந்தாலும் கூப்பிடாது.

அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இதுதான். கதவை மூடி வைத்து, வேண்டியவர் திறக்கட்டும் என்று உங்கள் மேலாளருக்கு எழுத்தில் கொடுங்கள். நீங்கள் படித்த புகார்களையும் சேர்த்து வையுங்கள். ஒருமுறை மறுத்தால் இன்னொரு முறை சொல்லுங்கள். முடிவு உங்கள் கையில் இல்லாமல் போகலாம், சொல்வது உங்கள் கையில் இருக்கிறது. அதற்குப் பிறகும் பிள்ளைகள் விழுவதை அறிந்துகொண்டே அந்தக் கிணற்றை உங்கள் கையாலேயே தோண்டச் சொன்னால், அப்போது வாருங்கள், ரிஸ்கைப் பற்றிப் பேசுவோம். ரிஸ்க் கொடுப்பவன் அந்தக் கம்பெனி அல்ல. ஸூரா அந்நிஸா 85ஆவது வசனத்தின்படி நல்லதற்குப் பரிந்து பேசியவருக்கு அதில் பங்கு உண்டு. நீங்கள் மூடச் செய்த ஒரு கதவால் எங்கோ ஒரு பிள்ளை நிம்மதியாகத் தூங்கினால், அந்தப் பிள்ளைக்கு உங்களைத் தெரியாது, அல்லாஹ்வுக்குத் தெரியும்.

யா அல்லாஹ்! எங்கள் நாவுகளையும் விரல்களையும் பாதுகாப்பாயாக. எங்கள் பிள்ளைகளை அவர்கள் நடக்கும் எல்லாப் பாதைகளிலும் காப்பாயாக. பிறர் நடக்கும் பாதையை அமைக்கும் பொறுப்பில் எங்களில் எவரை வைத்தாயோ, அவருக்கு அதன் ஹக்கை நிறைவேற்றும் தைரியத்தையும் தவ்ஃபீக்கையும் தருவாயாக. ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.